முதலில் செத்தது யார்?

அலாரம் அடித்தது. வெஸ்லி எழுந்தான். கட்டிலில் தன் பக்கத்துப் போர்வையை மட்டும் மடித்தான். பல் தேய்த்தான். கீழே வந்து காபி இயந்திரத்தில் ஒரு ஆளுக்கு வேண்டிய தண்ணீரை ஊற்றினான். ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். பின்கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் சாவி தொங்குகிறதா என்று பார்த்தான். தொங்கியது. கோட்டை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தான். கார்க் கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தது. அதைச் சுரண்டுவதற்கு முன், படியில் இருந்த, முகம் செதுக்கிக் குடைந்த பரங்கிக்காயின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான்.

மெழுகுத்திரி முக்கால்வாசி மிச்சமிருந்தது.

இரவு அவன்தான் ஏற்றினான். அணைக்கவில்லை. விடியும்வரை எரிந்திருந்தால் உருகிக் கரைந்திருக்க வேண்டும். காற்று அணைத்திருந்தால் திரி நிமிர்ந்து நிற்கும். இது நசுங்கியிருந்தது. எச்சில் தொட்ட இரண்டு விரல் நடுவில் வைத்து அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, தட்டையாக.

டெலியா மெழுகுத்திரியை ஊதி அணைக்கமாட்டாள். நசுக்குவாள். ஊதினால் புகை நாறும் என்பாள்.

மூடியை வைத்தான். கண்ணாடியைச் சுரண்டினான். வேலைக்குப் போனான். ஏரியிலிருந்து எடுத்த தண்ணீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, அதில் என்ன கலந்திருக்கிறது என்று மாலைவரை பார்த்துக்கொண்டிருந்தான். கை நடுங்கவில்லை. ஒரு வருஷமாகவே அவனுக்கு எதுவும் நடுங்குவதில்லை.

அக்டோபர் பிறந்தால், மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் பேய்த்திருநாள் வரை ராத்திரிக்கு ஒரு பேய்ப்படம். அது டெலியாவின் சட்டம். கோடைக்காலம் முழுக்க, வீடு காலி செய்கிறவர்கள் வாசலில் பரப்பி வைத்து விற்கும் பழைய சாமான்களில் துழாவி டிவிடிகளாகப் பொறுக்கிச் சேர்ப்பாள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஒரு ஷூ அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பாள். ராத்திரி கையை விட்டு எது வருகிறதோ அதுதான் படம். பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது. திரையில் இருக்கிற பெண்ணைத் திட்டுவாள். "ஏண்டி எரும, கீழறைக்கு எதுக்குடி போற? போறதுதான் போற, லைட்டப் போட்டுட்டுப் போயேன்!" சோளப்பொரி அவன் தலையில் கொட்டும்.

படம் முடிந்த பிறகுதான் விளையாட்டு. பெட்டியில் கைவிட்டு எடுத்தவர் தனியாக வெளியே போக வேண்டும். முன்படியில் பரங்கிக்காய்க்குள் எரிகிற திரியை அணைக்க வேண்டும். விளக்கில்லாமல் வீட்டைச் சுற்றி, கராஜ் சந்து வழியாக வந்து பின்கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். யார் முதல்ல செத்தது? அன்றைய படத்தில் முதலில் சாகிற ஆளைச் சரியாகச் சொன்னால் கதவு திறக்கும். சாவியைக் கொண்டுபோகக் கூடாது. அது கொக்கியிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் விளையாட்டே இல்லை.

போன வருஷம் ஹாலோவீனுக்கு முந்தின ராத்திரி நல்ல மழை.

"யார் முதல்ல செத்தது?" என்று அவன் உள்ளிருந்து கேட்டான்.

"நாய்."

"நாய் கணக்குல வராது."

"ஏன் வராது? அதுக்கு உசுரு இல்லையா? திறடா, நனையுறேன்."

"ஆளச் சொல்லு."

"வெளிய நிக்கிற பொண்டாட்டிதான் அடுத்து சாகப்போறா. போதுமா? திற, குரங்கே!"

வயிறு வலிக்கச் சிரித்தபடி அவன் கதவைத் திறக்கும்போது அவள் தொப்பலாக நனைந்திருந்தாள். உள்ளே வந்ததும் ஈரக் கையை அவன் சட்டைக்குள் விட்டாள். "நாளைக்கு உனக்கு இருக்குடி ராஜா," என்றாள்.

மறுநாள் கடைசிப் படம். அவள் முறை. முடிந்ததும் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள். முன்கதவருகே நின்று சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். சோபாவில் படுத்தபடி அவன் "சரி சரி, போ" என்றான். என்ன சொன்னாள் என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். அவளுடைய அம்மா கேட்டாள், பாதிரியார் கேட்டார். "இதோ வந்துடுறேன்னு சொன்னா," என்று எல்லோரிடமும் சொன்னான். சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பின்கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டல். ஒரு இடைவெளி. மறுபடி ஒன்று.

"யார் முதல்ல செத்தது?"

பதில் இல்லை. மூன்று. இடைவெளி. ஒன்று.

"விடை தெரியலைன்னா போய்த் தெரிஞ்சுக்கிட்டு வா," என்று சொல்லிவிட்டு, அவன் மிச்சமிருந்த சோளப்பொரியைத் தின்றான்.

தட்டல் நின்றுபோனது. அவன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போனான். முன்படியில் பரங்கிக்காயை அணைத்தாற்போல் கிடந்தாள். வலது கை விரல் இரண்டில் கரி. இடது கை மூடியிருந்தது.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். "விளக்க அணைச்ச மாதிரிங்க. கீழ விழறதுக்கு முன்னாலயே போயிருப்பாங்க. ஒரு அடிகூட எடுத்து வெச்சிருக்க வாய்ப்பே இல்ல." நல்ல மனுஷர். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் வேறென்ன சொல்வார்? ஆனால் தட்டலை வெஸ்லி காதால் கேட்டிருக்கிறான். செத்தவள் தட்டமாட்டாள். அப்படியென்றால் தலைவலியோடு அவள் பின்வாசலுக்கு வந்திருக்கிறாள், தட்டியிருக்கிறாள், பேச நா எழாமல் மறுபடி தட்டியிருக்கிறாள், இவன் உள்ளே உட்கார்ந்து பொரி தின்றிருக்கிறான், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் யாராவது கிடைப்பார்களா என்று திரும்பிப் போய் விழுந்திருக்கிறாள். அவனுக்கு வேறு எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. அந்தக் கணக்கோடுதான் ஒரு வருஷமாகத் தூங்கி எழுந்தான்.

இந்த அக்டோபரில் பழைய பெட்டியைத் திறந்தான். அதே படங்கள். போன வருஷம் பார்த்த அதே வரிசை.

முதல் ராத்திரி எதையும் எதிர்பார்த்து அவன் உட்காரவில்லை. பரங்கிக்காயைச் செதுக்கி, திரியை ஏற்றி வைத்து, படத்தைப் போட்டான், அவ்வளவுதான். படம் முடிந்து திரை கறுத்தபோது வீட்டின் மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன: கீழறை ஹீட்டர் மூச்சு வாங்குவது, குளிர்பெட்டி முனகுவது, தெருமுனை மேப்பிள் மரம் தன் காய்ந்த இலைகளைத் தார்ரோட்டில் தேய்த்துத் தேய்த்து இழுப்பது, அதற்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஏரி யாரோ பெரிய சாக்கை நகர்த்துவது போலக் கரையில் புரள்வது. அதற்கெல்லாம் அடியில், முன்வாசல் மரத்தூணில், மென்மையாக. மூன்று. இடைவெளி. ஒன்று.

அவன் அசையவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது திரி நசுங்கியிருந்தது.

அடுத்த ராத்திரி அதே தட்டல் ஹால் ஜன்னலுக்குக் கீழே கேட்டது. அதற்கடுத்த ராத்திரி இன்னும் கொஞ்சம் தள்ளி. பக்கச் சுவரின் மரப்பலகைகள் மேல் யாரோ விரல் முட்டியால் வழி கேட்டுக் கேட்டு வருவது போல, நாளுக்குக் கொஞ்சமாக, அவள் நடக்க வேண்டிய அதே வழியில், கராஜ் பக்கமாக அது நகர்ந்தது. வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. விளையாட்டில் உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது. ஒன்றுமட்டும் அவனுக்குப் புரிந்தது. ஒரு ராத்திரிகூட விடாமல் பார்த்தால் ஹாலோவீன் அன்று அது பின்கதவுக்கு வந்துவிடும். அன்றைக்கு அவன் திறப்பான். போன வருஷம் திறக்காததை இந்த வருஷம் திறப்பான்.

ஒரு ராத்திரி டிவிடி சிக்கிக்கொண்டது. திரையில் படகோட்டியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தான். பற்பசை தேய்த்துக் கழுவினான். வாயால் ஊதினான். "ஓடு, ஓடு, ஓடித் தொலையேன்," என்று கெஞ்சினான். ஓடவில்லை. வருஷம் முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. படம் முடியாவிட்டால் அவள் வரமாட்டாள். கடைசியில் கராஜ் பக்கத்துச் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, மிச்சக் கதையை ஞாபகத்திலிருந்து வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தான். படகோட்டி திரும்பிப் பார்க்கிறான். தண்ணீர் அசையவில்லை. ஆனால் படகு அசைகிறது. டெலியா எங்கே திட்டுவாளோ அங்கே அவளுக்குப் பதில் தானே திட்டினான். தொண்டை கட்டும்வரை சொன்னான்.

முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம், அவன் முகத்துக்கு நேராக. மூன்று. இடைவெளி. ஒன்று.

அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் டெலியாவின் அண்ணன் ரஸ் வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பெரிய உடம்பு. சத்தமாகப் பேசுவான், அதைவிடச் சத்தமாகச் சாப்பிடுவான். கொண்டுவந்த பீட்சாப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு படங்கள் இருந்த ஷூ பெட்டியைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"என்ன மச்சான், தனியா உக்காந்து இதெல்லாம் பாக்குறியா?"

"ம்."

"மூஞ்சியப் பாரு, படத்துல வர்ற பொணமே தேவலாம் போல இருக்கு. ஹாலோவீனுக்கு என் வீட்டுக்கு வந்துரு. என் பொண்ணு தேனீ வேஷம் போடப்போறா. கூட வந்து மிட்டாய் பொறுக்கு."

"அன்னிக்கு முடியாது, ரஸ்."

"ஏன்?"

வெஸ்லி சொன்னான். தட்டலை, நசுங்கிய திரியை, எல்லாவற்றையும். ரஸ் வாயில் வைத்ததை மெல்லாமல் கேட்டான். பிறகு கடித்த துண்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தான்.

"ஆஸ்பத்திரிப் பைய நான்தானே வாங்கினேன்," என்றான் ஒருவழியாக. "மோதிரம், கடிகாரம், சாவி. சாவி அவ கையில இருந்துச்சுடா. ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தேன்னு நர்சு சொன்னா. உள்ள வரணும்னு நெனச்சிருந்தா அவ தொறந்துட்டு வந்திருப்பா. உன்னக் கெஞ்சிக்கிட்டு நின்னிருக்க மாட்டா. எங்க டெலியாவப் பத்தி உனக்குத் தெரியாதா?"

"அவளால முடியல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் பொய் சொன்னாரு."

ரஸ் அவன் தோளை அழுத்திப் பிடித்தான். "மச்சான். வர்றது யாரா வேணா இருக்கட்டும். தொறக்காத."

அவன் போன பிறகு, அந்தப் பையிலிருந்து திரும்பிவந்து கொக்கியில் தொங்கிய சாவியைப் பார்த்தபடி வெஸ்லி நின்றான். சில்லென்ற ஒரு சின்ன இரும்பு. அதைப் பற்றி எதையோ நினைக்க வேண்டும் போலிருந்தது. நினைப்பு வரவில்லை.

அன்றிலிருந்து தினமும் படம் முடிந்ததும் அவன் கைபேசியைப் பின்கதவில் வைத்து அவள் குரலை ஓடவிட்டான். அவளிடமிருந்து மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குரல் செய்தி. மருந்துக்கடை வேலை முடிந்து வாசலில் நின்று பேசியது. பின்னணியில் ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம், பீப், பீப், பீப். "வெஸ், நான்தான். பால் வாங்கிட்டு வா. மறந்துட்டு வந்தே, உள்ள விடமாட்டேன்." அவ்வளவுதான். ஒருமுறை கேட்டான். மறுபடி கேட்டான். கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அவளுக்கு வழி தெரிய வேண்டும் என்று, ராத்திரிதோறும் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

வெளியே தட்டல் நின்றிருக்கும். கேட்பதற்காக நிற்பது போல.

ஹாலோவீன் சாயங்காலம் முன்விளக்கைப் போட்டு வைத்தான். வேஷம் போட்ட பிள்ளைகள் வந்தார்கள். மிட்டாய் போட்டான். ஒரு குட்டி எலும்புக்கூடு நன்றி சொல்லிவிட்டு, அவன் தோளுக்குப் பின்னால், ஹாலைத் தாண்டி இருட்டாக இருந்த சமையலறையை எட்டிப் பார்த்தது. "உங்க வீட்டுல வேற யாரோ கதவத் தட்டுறாங்க," என்று சொல்லிவிட்டுத் தன் அம்மாவிடம் ஓடியது. ரஸ் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி செய்தான். கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்தான். தெரு அடங்கியது. முன்விளக்கை அணைத்தான். பரங்கிக்காய் மட்டும் எரிந்தது.

கடைசிப் படம். மலைமேல் ஒரு பங்களா. தபால்காரன் ஒருவன் மணியை அடித்துவிட்டுக் காத்திருக்கிறான். கதவு திறக்கிறது. முதலில் சாகிறவன் அவன்தான். டெலியா அதைப் பார்த்து, "பாவம், காசுகூட வாங்கல," என்று சொல்லியிருந்தாள். வெஸ்லி படத்தைப் பார்த்தான். பார்க்கவும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவளுக்குப் பிடித்த சட்டை. சவரம் செய்திருந்தான். இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தான்.

படம் முடிந்தது. எழுந்து சமையலறைக்குப் போனான். விளக்கைப் போடவில்லை.

ஹீட்டர் நின்றது. குளிர்பெட்டி நின்றது. ஏரிச் சத்தம் கேட்கவில்லை. முன்பக்கம் பரங்கிக்காயின் ஆரஞ்சு வெளிச்சம் ஹால் தரையில் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு இல்லை. கருகின பரங்கிக்காய் வாசனை வீட்டுக்குள் வந்தது. கூடவே ஈர மண். கூடவே வேறொன்று. ஆய்வுக்கூடத்தில், மூடிபோட்டு மறந்துபோன குப்பியைத் திறந்தால் வருவது.

கராஜ் சந்தில் நடை. மெதுவாக. ஒரு கால் மட்டும் நடப்பது போல.

நின்றது.

மூன்று. இடைவெளி. ஒன்று.

கதவில் உள்ளங்கையை வைத்தான். மரம் குளிர்ந்திருந்தது. அந்தப் பக்கமும் ஒரு உள்ளங்கை.

"டெலியா."

இல்லை. விளையாட்டை ஒழுங்காக ஆட வேண்டும்.

"யார் முதல்ல செத்தது?"

ஒன்றுமில்லை. மூச்சுகூட இல்லை. அவன் காத்திருந்தான். போன வருஷம் காத்திருக்காததற்கும் சேர்த்து.

"நான்தான்."

அவள் குரல். அவளேதான். அந்த இழுப்பு, அந்த லேசான கரகரப்பு. அதன் பின்னால், எங்கோ, பீப். பீப். பீப்.

தெருவில் லாரி இல்லை.

அந்த விடையும் தப்பு. தபால்காரன். அவளுக்கு அது தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டான். லாரியைக் கேட்டான். தப்பைக் கேட்டான். கேட்டும், கை கைப்பிடிக்குப் போனது. வேறெங்கே போகும்? மேலே ஒரு பாதிக் கட்டில் இருந்தது. காலையில் அலாரம் அடிக்கும்.

"மன்னிச்சிரு," என்றான். "இதோ. இதோ தொறந்துட்டேன்."

திறந்தான்.

அவள் உயரம். அவள் தோள். முகம் இருட்டில். ஒரு கை மேலே தூக்கியிருந்தது. கதவு விலகிப் போய்விட்டது. ஆனால் கை நிற்கவில்லை. கதவு இருந்த இடத்தில் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று. இடைவெளி. ஒன்று. காற்றில் மரத்தின் சத்தம் கேட்டது.

"வெஸ், நான்தான்," என்றது. பீப். "உள்ள விட." பீப். "உள்ள விட."

வாய் அசையவில்லை. வாய் இருக்க வேண்டிய இடமே அசையவில்லை. கை தட்டிக்கொண்டே வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னால் மற்றது.

குளிர்காற்று புகுந்தது. கொக்கியில் சாவி ஆடியது. சுவரில் பட்டுச் சின்னதாகக் கிணுங்கியது.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. முழுதாக வந்தது. முன்கதவருகே மஞ்சள் மழைக்கோட்டில் டெலியா. அவள் விரலில் மாட்டி ஆடிக்கொண்டிருந்த அந்தச் சாவி. அவள் சிரிப்பு. அவள் சொன்னது.

"இதோ வந்துடுறேன். இன்னிக்கு சாவி எங்கிட்ட இருக்கு, நான் தட்ட மாட்டேன். யாராவது தட்டினா அது நான் இல்ல வெஸ், தொறந்துடாத."